பகல் வெளிச்சமும் திரையின் கருப்பும்

புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. அது வீசுவது ஒளியை மட்டுமே. நாயகனின் தலைமுடி, அமாவாசை வானம், சப்டைட்டில் எழுத்தைச் சுற்றியுள்ள விளிம்பு என்று படத்தில் கருப்பாகத் தெரியும் ஒவ்வோர் இடமும் புரொஜெக்டர் ஒளி வீசாமல் விட்டுவைத்த இடம். அங்கே இருப்பது வெறும் வெள்ளைத் திரை. இரவில் விளக்கை அணைத்த ஹாலில் அந்த வெள்ளைத் திரையே கன்னங்கரேலென்று தெரிகிறது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு, ஜன்னல் திறந்திருக்கும்போது, அதே கருவியில் அதே படத்தைப் போட்டால் தலைமுடி சாம்பல் பூத்துப்போகிறது. இரவுக் காட்சிகளில் யார் நிற்கிறார், யார் பேசுகிறார் என்பதே புலப்படுவதில்லை. கருவியில் எதுவும் மாறவில்லை. திரையும் மாறவில்லை. மாறியது அறையின் வெளிச்சம் ஒன்றுதான்.

மும்பை கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா பகுதிகளில் புதிதாக டிவி வாங்க நினைக்கும் குடும்பங்கள் இந்தச் சிக்கலை அடிக்கடி எதிர்கொள்கின்றன. பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த மனைகளில் 1930களிலும் 40களிலும் எழுந்த கட்டடங்கள் இங்கே ஏராளம். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரவேண்டும் என்ற நோக்கத்தோடு, தெருவைப் பார்த்த பால்கனிகளும் அகன்ற ஜன்னல்களுமாகக் கட்டப்பட்டவை அவை. குடியிருக்க அது பெரிய வரம். அதே வெளிச்சம் புரொஜெக்டருக்குப் பெரிய இடைஞ்சல். ஞாயிற்றுக்கிழமை பகலில் கிரிக்கெட், மார்கழியில் சென்னைக் கச்சேரிகளின் நேரலை, இரவில் சினிமா என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஹால் என்னும்போது, நூறு அங்குலப் படம் தரும் புரொஜெக்டரா, அதைவிடச் சிறிய டிவியா என்ற கேள்வி எழுகிறது. விடையின் பெரும்பகுதி, திரை மாட்டப்போகும் சுவரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

சினிமாத் தொழில் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. இந்தியாவில் சினிமா வந்த நாளாக அது கருதப்படுகிறது. அடுத்து வந்த டூரிங் டாக்கீஸ் காலத்தில், தமிழ்நாட்டு டென்ட் கொட்டகைகள் பொழுது சாய்ந்த பிறகே முதல் ஆட்டத்தைத் தொடங்குவது வழக்கம். கித்தான் துணி சூரிய ஒளியை முழுவதும் தடுக்காது. பகல் ஆட்டம் ஓட்டவேண்டுமானால் நான்கு புறமும் அடைத்த, ஜன்னல் இல்லாத கட்டடம் வேண்டும். கிங்ஸ் சர்க்கிளில் பல்லாண்டுகள் தமிழ்ப் படங்களுக்குப் பேர்போன அரோரா திரையரங்கு போன்றவை மேட்னி ஆட்டம் போட முடிந்ததற்கு அந்த இருட்டுதான் அடிப்படை.

மூன்று அளவுகள்

ஒளியைப் பற்றிய பேச்சில் மூன்று அளவுகள் குழம்பிவிடுகின்றன. அவற்றைப் பிரித்துவைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலாவது ஒளிப்பாயம். ஒரு விளக்கோ புரொஜெக்டரோ மொத்தமாக எவ்வளவு ஒளியைக் கக்குகிறது என்பது இது. இதன் அலகு லூமென். இரண்டாவது ஒளிவீழ்வு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் வந்து விழுகிறது என்பது இது, அலகு லக்ஸ். மூன்றாவது ஒளிர்மை. அந்தப் பரப்பைப் பார்க்கும் கண்ணுக்கு அது எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதைக் குறிப்பது, அலகு நிட்.

புரொஜெக்டரின் பெட்டியில் லூமென் போட்டிருக்கும். டிவியின் விவரத்தாளில் நிட் போட்டிருக்கும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. புரொஜெக்டரின் லூமென் எவ்வளவு பெரிய திரையில் பரவுகிறது என்பதைப் பொறுத்தே லக்ஸ் அமையும்; அந்த லக்ஸைத் திரை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பொறுத்தே நிட் அமையும். சாதாரண வெள்ளைத் திரை தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறடிக்கும். அப்படிப்பட்ட திரையில் லக்ஸை மூன்றே சொச்சத்தால் வகுத்தால் நிட் கிடைத்துவிடும்.

நூறு அங்குலத் திரை ஏறத்தாழ 2.2 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் கொண்டது; பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். உண்மையாகவே 2,000 லூமென் தரும் நல்ல புரொஜெக்டர் அதன்மேல் சுமார் 725 லக்ஸை வீசும். அதாவது முழு வெள்ளைக் காட்சி 230 நிட் அளவுக்கு ஒளிரும். திரையரங்குகளுக்கான தரம் வெறும் 48 நிட் என்பதோடு ஒப்பிட்டால் இது தாராளம். அப்படியிருந்தும் பகலில் படம் வெளிறிப்போகிறது என்றால், குறை வெள்ளையில் இல்லை என்பது தெளிவு.

ஹாலுக்குள் வரும் பகல்

வெட்டவெளியில் நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய நாளிலும் பத்தாயிரம் லக்ஸ் சாதாரணம். இதில் ஒரு சிறு பங்கே வீட்டுக்குள் வருகிறது. கட்டடக் கலைஞர்கள் இதைப் பகலொளிப் பங்கு என்ற அளவால் குறிக்கிறார்கள்: வெளியே உள்ள வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உள்ளே குறிப்பிட்ட இடத்தில் விழுகிறது என்பது அது. இந்தியக் கட்டட வடிவமைப்பு விதிகள், சூரியன் தாழ்வாக இருக்கும் நேரத்துத் தெளிந்த வானத்தை அடிப்படையாக வைத்து, வெளியே 8,000 லக்ஸ் என்று எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு விழுக்காடு என்றால் 80 லக்ஸ். சூரியன் ஏற ஏற வெளி வெளிச்சம் பன்மடங்காகும். உள்ளே வருவதும் கூடவே உயரும். அகன்ற ஜன்னல் உள்ள ஹாலில் நடுப்பகலில் 200, 300 லக்ஸ் என்பது சர்வசாதாரணம். ஜன்னலருகே ஆயிரத்தைத் தாண்டும். ஜூலை மழையிலும் அந்த ஹால் இருட்டாவதில்லை: பத்தாயிரம் லக்ஸ் வானத்தில் இரண்டு விழுக்காடு வந்தாலே 200 லக்ஸ்.

ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். மும்பை வட அட்சரேகை 19 பாகையில் இருக்கிறது. மே மாத நடுவிலும் ஜூலை இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் 47, 48 பாகை உயரத்தோடு நின்றுவிடும். ஜன்னலின் உயரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்துக்கு வெயில் தரையில் நீளும். மேற்கு ஜன்னலில் ஆண்டு முழுவதும் மாலை வெயில் தாழ்ந்து வந்து எதிர்ச் சுவரையே தொடும். ஆகவே மழைக்காலத்தில் ஒரு ஹாலைப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு மார்கழிக் கச்சேரியின்போது பொய்த்துப்போகலாம்.

திரைச் சுவரின் வெளிச்சத்தை அளப்பது கடினமல்ல. கைபேசியின் முகப்பில் வெளிச்சத்தை உணரும் சிறு உணரி இருக்கிறது; லக்ஸ் காட்டும் இலவசச் செயலிகள் பல அதைப் பயன்படுத்துகின்றன. திரை வரப்போகும் இடத்தில், கைபேசியின் முதுகைச் சுவரில் ஒட்டி, முகப்பு அறையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் விலகி நின்று எண்ணைப் படிக்கவேண்டும். நேர் எதிரே நின்றால் நிற்பவரின் நிழலே அளவைக் குறைத்துவிடும். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை எடுத்தால் போதும். ஆய்வகத் துல்லியம் இதற்கு இராது. ஆனால் 10 லக்ஸா 300 லக்ஸா என்பதைப் பிரித்தறிய இது தாராளம்.

கண் எதைப் பார்க்கிறது

வெளிச்சத்தின் அளவைக் கண் தனித்தனியாக எடைபோடுவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெளிச்சங்களின் விகிதத்தையே அது படிக்கிறது. இது எப்படித் தெரியவந்தது என்பதற்கு, மெழுகுவத்திகளை மட்டும் வைத்துச் செய்த ஒரு பழைய சோதனை உண்டு. பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் செய்தது. அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1760இல் வெளிவந்த நூலில் விவரிக்கப்பட்டது.

ஒரு வெள்ளைப் பரப்பின் அருகில் ஒரு மெழுகுவத்தி. இன்னொரு மெழுகுவத்தியின் முன் ஒரு கோல். அதன் நிழல் அதே பரப்பில் விழுகிறது. நிழல் விழுந்த இடத்தில் முதல் மெழுகுவத்தியின் ஒளி மட்டும் இருக்கும். நிழலுக்கு வெளியே இரண்டின் ஒளியும் சேர்ந்திருக்கும். இரண்டாவது மெழுகுவத்தியைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனால் நிழல் மங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் அடியோடு மறைந்துவிடும். முதல் மெழுகுவத்தி இருக்கும் தொலைவைப்போல் எட்டு மடங்கு தொலைவில் அது மறைந்ததைப் பூகேர் கண்டார். எட்டு மடங்கு தொலைவில் ஒளி அறுபத்துநான்கில் ஒரு பங்காகிவிடும். ஆக, இரண்டு பரப்புகளின் வெளிச்சம் அறுபத்துநான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக வேறுபட்டால், அவருடைய கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

புரொஜெக்டர் படத்தின் கருப்பு என்பது பூகேரின் நிழல்தான். ஜன்னல் வெளிச்சம் முதல் மெழுகுவத்தி. புரொஜெக்டர் இரண்டாவது மெழுகுவத்தி. ஜன்னல் வெளிச்சம் திரை முழுவதும் சமமாகப் படிகிறது. படத்தின் வெள்ளைப் பகுதியில் அது சேர்வதால் பெரிய மாற்றம் இல்லை. கருப்பாக இருக்கவேண்டிய பகுதியில் அது மட்டுமே இருப்பதால் கருப்பை அது முழுவதுமாக ஆக்கிரமித்துவிடுகிறது. இருண்ட சட்டைக்கும் அதைவிட இருண்ட சுவருக்கும் இடையே படத்தில் இருந்த நுட்பமான வேறுபாடு, பூகேரின் நிழலைப்போலவே மறைந்துபோகிறது.

விளக்கணைத்த அறையில் வெள்ளைத் துணி கருப்பாகத் தெரிவதற்குக் கண்ணின் நரம்பமைப்பும் ஒரு காரணம். அமெரிக்க உடலியல் அறிஞர் கெஃபர் ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்தபோது, ஒளி பட்ட ஒவ்வோர் அலகும் தன் அண்டை அலகுகளின் சைகையை அமுக்கிவிடுவதைக் கண்டார். 1967இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். மனித விழித்திரையிலும் இதையொத்த அமுக்கம் நடக்கிறது. பிரகாசமான பகுதியை ஒட்டியுள்ள மங்கலான பகுதி இதனால் இருக்கும் அளவைவிட இருண்டு தெரியும். ஆனால் பிரகாசத்துக்கும் மங்கலுக்கும் போதிய விகிதம் இருந்தால்தான் கண் இந்த உதவியைச் செய்யும்.

விகிதத்தின் கணக்கு

படத்தின் வெள்ளை, கருப்பைப்போல் எத்தனை மடங்கு பிரகாசம் என்பதே ஒளிவேறுபாடு. கடைகளில் கான்ட்ராஸ்ட் என்று சொல்லப்படுவது. விவரத்தாளில் இது ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் இருக்கும். அவை கும்மிருட்டில் அளந்தவை. வீட்டு ஹாலில் கிடைக்கும் ஒளிவேறுபாடு வேறு.

மேலே சொன்ன 725 லக்ஸ் புரொஜெக்டரையே எடுத்துக்கொள்ளலாம். இரவில் விளக்குகளை அணைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்ட ஹாலில், தெருவிளக்கிலிருந்து கசியும் வெளிச்சம் 5 லக்ஸ் என்று வைத்தால், வெள்ளை 730 லக்ஸ், கருப்பு 5 லக்ஸ். விகிதம் ஏறத்தாழ 146. ஒரு டியூப்லைட்டைப் போட்டுத் திரையில் 100 லக்ஸ் விழுந்தால் விகிதம் 8 ஆகச் சரிகிறது. பகலில் 300 லக்ஸ் என்றால் விகிதம் மூன்றரைகூட இல்லை.

இந்த எண்கள் பார்ப்பவருக்கு என்ன பொருள் தருகின்றன? ஒலி-ஒளித் துறையினரின் பன்னாட்டு அமைப்பான இன்ஃபோகாம் 2011இல் வெளியிட்ட தரம், பயனுக்கேற்ப நான்கு படிகளை வகுத்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்க்க 7 மடங்கு. எழுத்தையும் படத்தையும் பார்த்து முடிவெடுக்க 15. நுணுக்கங்களை ஆராய 50. முழு அசைபடக் காட்சிகளுக்கு 80. இரவு ஹாலின் புரொஜெக்டர் கடைசிப் படியையும் தாண்டுகிறது. பகல் ஹாலில் அது முதல் படியைக்கூட எட்டவில்லை.

அப்படியானால் இன்னும் சக்திவாய்ந்த புரொஜெக்டர் வாங்கலாமே என்று தோன்றும். 300 லக்ஸ் வெளிச்சத்தில் 80 மடங்கு வேண்டுமானால், நூறு அங்குலத் திரைக்கு 65,000 லூமென் தேவைப்படும். பெரிய திரையரங்குகளின் உச்சத் திறன் கருவிகளுக்கு நிகரான அளவு அது. கிடைத்தாலும் பயனில்லை: வெள்ளைக் காட்சி ஏழாயிரம் நிட்டைத் தாண்டிக் கண்ணைக் கூசச் செய்யும். வெள்ளையை உயர்த்திக்கொண்டே போவதால் இந்தச் சிக்கல் தீராது. கருப்பைத் தாழ்த்தியாகவேண்டும்.

காட்சியின் தன்மையும் இங்கே குறுக்கிடுகிறது. பகல் ஆட்டக் கிரிக்கெட்டில் பச்சைத் தரை, வெள்ளை உடை, வெயில் பட்ட பார்வையாளர் வரிசை என்று பெரும்பாலும் பிரகாசமான பகுதிகளே உள்ளன. விகிதம் குறைந்தாலும் பந்து எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். இருட்டிலும் நிழலிலும் எடுத்த படங்களில் கதையே அந்த நிழலுக்குள் நடக்கிறது. பகல் ஹாலில் முதலில் பறிபோவது அதுதான்.

டிவி ஏன் தாக்குப்பிடிக்கிறது

அணைத்துவைத்த டிவியின் நிறத்தைப் பகலில் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். அது கருப்பாக இருக்கிறது. புரொஜெக்டர் திரை வெள்ளையாக இருக்கிறது. அணைத்த நிலையில் ஒரு திரை என்ன நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கருப்பான எதையும் அந்த வெளிச்சத்தில் அதனால் காட்ட முடியாது.

ஈரம் காயாத வாசலில் போட்ட மாக்கோலம் பளிச்சென்று தெரியும். அதே கோலத்தை வெள்ளைப் பளிங்குத் தரையில் போட்டால், எவ்வளவு மாவை அள்ளிப் போட்டாலும் எடுப்பாகத் தெரியாது. டிவி கருந்தரையில் வெள்ளைக் கோலம் போடுகிறது. புரொஜெக்டருக்கு வாய்த்ததோ வெள்ளைத் தரை. இரவு வந்து அதைக் கருப்பாக்கும்வரை அது காத்திருக்கவேண்டியதுதான்.

எண்ணால் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். டிவியின் முகப்பு தன்மேல் பரவலாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கை மட்டுமே சிதறடித்துத் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 300 லக்ஸ் ஹாலில் அதன் கருப்பு 2 நிட் அளவில் நிற்கும். அதே ஹாலில் வெள்ளைத் திரையின் கருப்பு 95 நிட். டிவியின் வெள்ளை 400 நிட் என்றால் விகிதம் 200. நடுப்பகலில், சீலையை இழுக்காமல், இரவு நேரத்துப் புரொஜெக்டரை டிவி மிஞ்சிவிடுகிறது.

டிவிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் முகப்பு வழவழப்பானது. பரவலான ஒளியை விழுங்கும் அதே முகப்பு எதிரே உள்ள பொருளைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடிப் பரப்பு தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் நான்கு விழுக்காட்டைப் பிரதிபலிக்கிறது. மேகம் மூடிய வானமே மூவாயிரம் நிட்டுக்கு மேல் ஒளிரும். அதில் நான்கு விழுக்காடு என்றால் 120 நிட்டைத் தாண்டும். ஆகவே ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டிய டிவியில் ஜன்னலின் வடிவம் அப்படியே படத்தின்மேல் பதிந்து, அந்த இடத்துக் கருப்பை அழித்துவிடும். எதிரொளி தடுக்கும் பூச்சுள்ள டிவிகளில் இது குறையும். ஜன்னல் உள்ள சுவருக்குச் செங்குத்தான பக்கச் சுவரில் டிவியை மாட்டினால் பெரும்பாலும் நீங்கியே விடும். செலவில்லாத தீர்வு இது.

டிவி வகைகளுக்குள்ளும் பகல் வெளிச்சம் தரவரிசையை மாற்றுகிறது. ஓஎல்இடி டிவியின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். இருட்டில் அதன் கருப்புக்கு ஈடில்லை. ஆனால் பகலில் கருப்பைத் தீர்மானிப்பது முகப்பின் எதிரொளி. அந்த நிலையில் ஓஎல்இடியின் தனிச்சிறப்பு பெரிதும் மறைந்துவிடும். முழு வெள்ளைக் காட்சிகளில் அதன் பிரகாசமும் பல எல்சிடி டிவிகளைவிடக் குறைவு. பகலில் அதிகம் பார்க்கும் ஹாலுக்கு, ஆயிரம் நிட்டைத் தொடும் மினி எல்இடி வகை எல்சிடி டிவி கூடுதல் பொருத்தம்.

எவ்வளவு பெரியது போதும்

புரொஜெக்டரின் பெரிய கவர்ச்சி அளவு. ஆனால் படம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை, அது கண்ணில் எத்தனை பாகைக் கோணத்தை அடைக்கிறது என்பதே முடிவு செய்கிறது. அங்குலமும் தொலைவும் சேர்ந்ததே இந்தக் கோணம். அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் முப்பது பாகையைப் பரிந்துரைத்திருக்கிறது. அந்தக் கோணம் கிடைக்க 55 அங்குல டிவியை 2.3 மீட்டரிலிருந்து பார்க்கவேண்டும். 65 அங்குலத்தை 2.7 மீட்டரிலிருந்து, 75 அங்குலத்தை 3.1 மீட்டரிலிருந்து, நூறு அங்குலத் திரையை 4.1 மீட்டரிலிருந்து.

மாட்டுங்கா ஃபிளாட்டின் ஹாலில் சோஃபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே ஒன்பது, பத்தடி இருந்தால், அதாவது மூன்று மீட்டர் அளவு இருந்தால், 65 முதல் 75 அங்குல டிவியே திரையரங்கின் நடு வரிசையில் அமர்ந்த நிறைவைத் தந்துவிடும். சுவர்கள் நான்கு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பெரிய ஹால்களில்தான் நூறு அங்குலம் உண்மையில் தேவையாகிறது.

அந்த அளவுக்குப் போகும்போது புரொஜெக்டருக்குச் சாதகமான விஷயம் ஒன்று வருகிறது. 98 அங்குல டிவியின் பலகை மட்டுமே ஏழடி நீளம், நான்கடி உயரம். அதைப் படுக்கவைக்கக் கூடாது; நிமிர்த்தியே தூக்கவேண்டும். லிஃப்ட் இல்லாத, அல்லது பின்னாளில் சிறிதாகச் செருகிய லிஃப்ட் உள்ள பழைய கட்டடங்களில், மாடிப்படித் திருப்பத்தில் அது மடங்காது. வாங்குவதற்கு முன் படிக்கட்டின் திருப்பத்தை டேப்பால் அளப்பது அவசியம். சுருட்டிய திரையும் புரொஜெக்டரும் ஓர் ஆள் தூக்கிச் செல்லக்கூடியவை.

வெளிச்சத்தைத் தரம்பிரிக்கும் திரை

கருப்பைத் தாழ்த்துவதற்குப் புரொஜெக்டர் துறை கண்ட வழி, திரையின் பரப்பையே மாற்றுவது. சுவரை ஒட்டிய மேசைமேல் வைத்து, கீழிருந்து செங்குத்தான சாய்வில் மேல்நோக்கி ஒளியை வீசும் குறுந்தொலைவுப் புரொஜெக்டர்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றுக்கான திரையை விரலால் தடவினால் கிடைமட்டமாக ஓடும் மெல்லிய வரிகள் தட்டுப்படும். ஒவ்வொரு வரியும் ரம்பப் பல்போல் இரு முகம் கொண்டது. கீழ்நோக்கிய முகம் வெளிர்நிறம். கீழிருந்து வரும் புரொஜெக்டர் ஒளியைப் பார்ப்பவரை நோக்கித் திருப்புகிறது. மேல்நோக்கிய முகம் கருப்பு. கூரை விளக்கிலிருந்து இறங்கும் ஒளியை விழுங்குகிறது. நல்ல ஒளியையும் வேண்டாத ஒளியையும் அவை வரும் திசையைக் கொண்டு இந்தத் திரை பிரித்தறிகிறது.

இதன் எல்லையும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. கூரை விளக்கை இது நன்றாகத் தடுக்கும். பக்கவாட்டு ஜன்னலிலிருந்தோ எதிர் பால்கனியிலிருந்தோ தாழ்வாக வரும் ஒளியை அந்த அளவுக்குத் தடுக்காது. டியூப்லைட் எரியும் மாலை ஹாலில் பயன் தெரியும். மேற்கு வெயில் திரையிலேயே விழும் ஹாலில் ஏமாற்றமே மிஞ்சும். வரிகள் கொண்ட இந்தத் திரையை மேலே மாட்டிய சாதாரணப் புரொஜெக்டருக்குப் பயன்படுத்தினால், அது வேண்டிய ஒளியையே விழுங்கிவிடும்.

பெட்டியின் மேல் உள்ள எண்

ஒளிப்பாயத்தை அளக்க முறையான வழி உண்டு. திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் லக்ஸை அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்குவது அந்த முறை. 1992இன் அமெரிக்கத் தரத்தை ஒட்டி ஆன்ஸி லூமென் என்றும், பின்னர் வந்த பன்னாட்டுத் தரத்தை ஒட்டி ஐஎஸ்ஓ லூமென் என்றும் விவரத்தாள்களில் காண்பது இதுவே. இந்தச் சொற்கள் எதுவும் இல்லாமல் வெறுமனே 9,000 லூமென் என்று அச்சிட்ட சிறு கருவிகளும் சந்தையில் உண்டு.

அவற்றைச் சோதிக்க மின்சாரக் கணக்கே போதும். வீட்டுப் புரொஜெக்டர்கள் பொதுவாக ஒரு வாட்டுக்குப் பத்து முதல் பதினைந்து லூமென் அளவிலேயே திரைக்கு அனுப்புகின்றன. மீதி வெப்பமாகவும் வடிகட்டிகளில் இழப்பாகவும் போகிறது. பின்புறத்தில் 60 வாட் என்று எழுதியிருக்கும் கருவி ஆயிரம் லூமெனை எட்டுவதே அரிது. ஒளி மூலத்தின் ஆயுளும் கவனிக்கவேண்டியது. பாதரச விளக்கு சில ஆயிரம் மணி நேரத்திலேயே பாதி பிரகாசத்தை இழக்கும். லேசர் மூலத்துக்கு 20,000 மணி நேரம் குறிப்பிடுவது வழக்கம். நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல். கடற்காற்றும் தூசியும் உள்ள மும்பையில் காற்று வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யவேண்டும். மூடிய ஒளியமைப்பு உள்ள கருவிகளில் உட்புகும் தூசி குறைவு.

தேர்வு

முடிவெடுக்கும் வரிசை இவ்வளவே. திரைச் சுவரில் மூன்று வேளையும் லக்ஸை அளக்கவேண்டும். சீலையை இழுத்துவிட்டு மறுபடி அளக்கவேண்டும். பார்க்கும் நேரத்தில் அந்த எண் பத்துக்குக் கீழே வந்துவிட்டால், நூறு அங்குலத் திரையும் உண்மையான 2,000 லூமென் புரொஜெக்டரும் முழு நிறைவைத் தரும். சுவர்களுக்கு அடர்ந்த நிறம் பூசியிருந்தால், படத்தின் ஒளியே சுவரில் பட்டுத் திரும்பித் திரையை வெளுக்கச் செய்வதும் குறையும். எண் பத்துக்கும் நூறுக்கும் இடையே இருந்து, அந்த வெளிச்சமும் கூரை விளக்கிலிருந்து வருவதாக இருந்தால், வரித் திரையுடன் கூடிய குறுந்தொலைவுப் புரொஜெக்டரைப் பரிசீலிக்கலாம். நூற்றைத் தாண்டினால், அல்லது வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதாக இருந்தால், டிவியே சரி. அதன் அளவைச் சோஃபாவின் தொலைவு தீர்மானிக்கும். இடத்தை ஜன்னலின் திசை தீர்மானிக்கும்.

பகலில் கிரிக்கெட், இரவில் சினிமா என்று இரண்டும் சம அளவில் வேண்டும் குடும்பங்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. சுவரில் 55 அங்குல டிவி. அதற்கு முன்னால் கூரையிலிருந்து இறங்கும் சுருள் திரை. சோஃபாவுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு புரொஜெக்டர். சூரியன் இருக்கும்வரை டிவி வேலை செய்யும். இருட்டிய பிறகு திரை இறங்கும். செலவு கூடுதல்தான், ஆனால் இரண்டு கருவிகளும் தத்தமக்கு உகந்த வெளிச்சத்தில் மட்டுமே இயங்கும்.